பன்மொழித் தளத்தில் மொழிபெயர்ப்பு பிளகின் தகராறு: சரிசெய்வதா, மாற்றுவதா, வெளியே ஒப்படைப்பதா?

மொழி மாற்றும் பொத்தானை அழுத்தினால் 404 (பக்கம் இல்லை என்ற பிழை) வருகிறது. தமிழ்ப் பக்கத்தில் தலைப்பு தமிழில் இருக்க, பட்டன்கள் ஆங்கிலத்தில் நிற்கின்றன. ஒருவருக்குச் சரியாகத் தெரியும் பக்கம் இன்னொருவருக்கு வேறு மொழியில் தெரிகிறது. வேர்ட்பிரஸ் தளத்தில் இப்படி ஏதாவது நடந்தால் உரிமையாளர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: இருக்கும் பிளகினையே (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) சரிசெய்யலாம், வேறு பிளகினுக்கு மாறலாம், மொழிபெயர்ப்பை ஒரு வெளிச் சேவையிடம் ஒப்படைக்கலாம், பிளகினே வேண்டாம் என்று மொழிக்கொரு தளமாகப் பிரித்துவிடலாம். பலர் நேரே இரண்டாவதுக்குத் தாவிவிடுகிறார்கள், பெரும்பாலும் அது அவசர முடிவு. கோளாறு கேஷிலோ (பக்கத்தின் சேமித்த நகல்), முகவரி விதிகளிலோ, மொழிக் கோப்பின் பெயரிலோ இருந்தால், புது பிளகினைப் போட்ட மறுநாளும் அதே கோளாறு அங்கேயே நிற்கும். பழைய மொழிபெயர்ப்புகளை இடம் மாற்றும் வேலைதான் கூடுதலாகச் சேரும்.

பிளகினை மாற்ற ஒரே ஒரு நல்ல காரணம்தான் உண்டு. அந்த பிளகின் மொழிபெயர்ப்பைச் சேமிக்கும் விதம் உங்கள் தளம் கட்டப்பட்ட விதத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றலாம். எனவே சேமிப்பு முறையிலிருந்தே தொடங்குவோம்.

மொழிபெயர்ப்பு எங்கே குடியிருக்கிறது

டபிள்யூபிஎம்எல், பாலிலாங் என்ற பன்மொழி பிளகின்கள் இரண்டும் ஒரே குடும்பம். ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் டேட்டாபேஸில் தனிப் பதிவு. ஆங்கிலப் பக்கத்துக்கு ஓர் எண், அதன் தமிழ்ப் பக்கத்துக்கு வேறோர் எண். இரண்டும் ஜோடி என்று சொல்லும் தகவல் மட்டும் வேறு இடத்தில் இருக்கும். டபிள்யூபிஎம்எல் அதற்கென்று தனி அட்டவணை வைத்திருக்கிறது. ஒரு குழுவைச் சேர்ந்த மொழிபெயர்ப்புகள் எல்லாவற்றுக்கும் அதில் ஒரே குழு எண். பாலிலாங் வேர்ட்பிரஸில் ஏற்கனவே இருக்கும் வகைப்பாட்டு முறையைப் பயன்படுத்துகிறது. மொழியே அங்கே ஒரு வகைப்பாடு, ஜோடி சேர்ப்பது இன்னொரு வகைப்பாடு. இந்தக் குடும்பத்தில் பிளகினை நிறுத்தினாலும் எழுதியது எதுவும் அழியாது. எல்லா மொழிப் பதிவுகளும் ஒரே பட்டியலில் கலந்து தெரியும், அவ்வளவே.

டிரான்ஸ்லேட்பிரஸ் வேறு குடும்பம். அதற்குத் தனிப் பதிவுகள் கிடையாது. வேர்ட்பிரஸ் பக்கத்தை முழுதாகத் தயாரித்த பின், அது உலாவிக்குப் போகும் முன், பிளகின் குறுக்கே நின்று வாக்கியம் வாக்கியமாகப் பார்த்து மாற்றி அனுப்புகிறது. மூல வாக்கியமும் அதன் மொழிபெயர்ப்பும் மொழி ஜோடிக்கொரு அகராதி அட்டவணையில் இருக்கும். தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு), பேஜ் பில்டர் (பக்கத்தை இழுத்து வைத்துக் கட்டும் கருவி), படிவம் என்று எதிலிருந்து வந்த சொல்லானாலும் பக்கத்தில் இருந்தால் பிடித்துவிடும். இது பெரிய வசதி. பிளகினை நிறுத்தினால் தமிழ்ப் பக்கம் என்று ஒன்றே இருக்காது; அகராதி அட்டவணை மட்டும் மிஞ்சும்.

வெக்லாட் போன்ற வெளிச் சேவைகளும் முடிந்த பக்கத்தைத்தான் மாற்றுகின்றன. ஆனால் அகராதி உங்கள் சர்வரில் இல்லை, அவர்களிடம் இருக்கிறது. சந்தா நின்றால் மொழிபெயர்த்த பக்கங்களும் நிற்கும். ஜிடிரான்ஸ்லேட்டின் இலவச வடிவம் இன்னும் இலகுவானது: உலாவியிலேயே இயந்திர மொழிபெயர்ப்பு நடக்கிறது, தனி முகவரி கிடையாது, தேடுபொறி அந்த மொழிப் பக்கத்தை அறியாது. வாசகர் வசதிக்கு அது போதும். தமிழில் தேடுபவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் போதாது.

பிளகின் மேல் பழி போடும் முன்

எதையும் தொடுமுன் கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டுக்கும் பேக்கப் எடுத்து, ஸ்டேஜிங் நகலில் (சோதனைக்கான தளப் பிரதி) வேலை செய்யுங்கள். கான்ஃபிக் கோப்பில் டீபக்கை (பிழைகளைக் காட்டும் முறை) இயக்கி, பிழைகள் பக்கத்தில் தெரியாமல் லாக் கோப்பில் மட்டும் பதியும்படி வையுங்கள். ஸ்டேஜிங் இல்லாதவர்களுக்கு ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங் பிளகின் உதவும். அதன் டிரபிள்ஷூட்டிங் முறையில் மற்ற பிளகின்கள் உங்கள் கண்ணுக்கு மட்டும் அணைந்திருக்கும், பார்வையாளர்களுக்குத் தளம் வழக்கம்போல் ஓடும். மொழி பிளகினும் வேர்ட்பிரஸின் இயல்பான தீமும் மட்டும் இருக்கும்போது கோளாறு மறைந்தால் குற்றவாளி வேறு பிளகின் அல்லது உங்கள் தீம். ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். இரண்டு பன்மொழி பிளகின்களை ஒரே நேரத்தில் இயக்க மட்டும் வேண்டாம், சோதனைக்குக்கூட.

404 வந்தால் முதல் வேலை: செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் சேவ் பொத்தானை அழுத்துங்கள். முகவரி விதிகள் புதிதாக எழுதப்படும். பல நேரம் இதிலேயே தீரும். தீரவில்லையென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். மொழிக் குறியீட்டின் பெயரிலேயே சர்வரில் உண்மையான ஃபோல்டர் ஏதாவது இருக்கிறதா? பழைய ஆங்கிலத் தளத்தை ஒரு காலத்தில் அந்த ஃபோல்டரில் வைத்திருந்தால் சர்வர் வேர்ட்பிரஸைக் கேட்காமலேயே அந்த ஃபோல்டரைத் திறக்கப் பார்க்கும். அதே பெயரில் ஒரு பக்கமோ பிரிவோ இருக்கிறதா? என்ஜினெக்ஸ் சர்வர் என்றால், கோப்பு இல்லாத முகவரிகளை இன்டெக்ஸ் கோப்புக்கு அனுப்பும் வரி அமைப்பில் இருக்கிறதா?

ஆளுக்கொரு மொழி தெரிவது அநேகமாக எப்போதும் கேஷ் வேலைதான். நடப்பது இதுதான்: குக்கீயையோ உலாவியின் மொழியையோ பார்த்து பிளகின் மொழியை முடிவு செய்கிறது. பேஜ் கேஷுக்கோ முகவரி ஒன்று மட்டுமே தெரியும். முதலில் வந்தவர் தமிழ்க்காரர் என்றால் தமிழ்ப் பக்கத்தைச் சேமித்து, அடுத்து வரும் எல்லோருக்கும் அதையே நீட்டுகிறது. சோதிக்க, பிரைவேட் சாளரத்தில் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு ஏதாவது ஒரு சொல்லைச் சேர்த்துத் திறங்கள். பெரும்பாலான கேஷ்கள் அப்படிப்பட்ட முகவரியைத் தங்கள் நகலிலிருந்து தராது. இப்போது சரியாக வந்தால் கேஷ்தான் காரணம். உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தின் ரெஸ்பான்ஸ் ஹெடரில் கேஷ் நிலை ஹிட் என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். கிளவுட்ஃபிளேர் (தளத்துக்கு முன் நிற்கும் கேஷ் சேவை) இயல்பாக எச்டிஎம்எல் பக்கங்களைச் சேமிப்பதில்லை. யாராவது எல்லாவற்றையும் சேமிக்கும் விதி எழுதியிருந்தால் மட்டும் அங்கே சிக்கல் வரும். நிரந்தர மருந்து, மொழியை முகவரியிலேயே வைப்பது. ஃபோல்டராகவோ துணை டொமைனாகவோ இருக்கலாம். உலாவி மொழியைப் பார்த்துத் தானாகத் திருப்பி அனுப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். கூகுளின் தேடல் ரோபோ பொதுவாக மொழி விருப்பம் எதையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால், அந்தத் திருப்பல் தேடலுக்கும் கெடுதல்.

எழுத்துகள் கெட்டுப்போவது டேட்டாபேஸ் சிக்கல். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். பழைய மூன்று பைட் அட்டவணையும் தமிழுக்குப் போதும், எமோஜிக்குத்தான் நான்கு பைட் வேண்டும். ஆனால் தளம் மிகப் பழையதாக இருந்து அட்டவணை லத்தீன் முறையில் இருந்தால் தமிழ் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். சேமித்தது கேள்விக்குறிதான் என்றால் மீட்க வழியில்லை. பேக்கப்பைத்தான் தேட வேண்டும். தொப்பி போட்ட லத்தீன் எழுத்துகளாகக் குழம்பித் தெரிந்தால் பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, இணைப்பின் எழுத்துமுறையைச் சரிசெய்து மீட்டுவிடலாம். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் அவசரமாக அட்டவணையை மாற்றினால் மீட்கக்கூடியதையும் இழப்பீர்கள்.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லை: முகவரி வெட்டுப்படுவது. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்து இடம்தான் ஒதுக்குகிறது. தமிழ்க் குறி ஒன்று அங்கே 9 எழுத்தாக விரிகிறது, புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ஆக, சுமார் 22 குறிகளோடு இடம் முடிந்துவிடும். ‘எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘எங்களைத்-தொடர்பு-கொள்ளுங’ என்று நடுச்சொல்லில் நின்றுவிடுவது இதனால்தான். ஒரே தொடக்கம் கொண்ட இரண்டு நீளத் தலைப்புகள் ஒரே முகவரிக்கு மோதி, ஒன்றின் வாலில் 2 ஒட்டிக்கொள்ளும். எந்த பிளகினுக்கு மாறினாலும் இது மாறாது. முகவரியைக் கையால் சுருக்கமாக எழுதுங்கள், இல்லையேல் ஒலிபெயர்த்த லத்தீன் எழுத்தில் வையுங்கள்.

ஒரு மொழியில் மட்டும் பக்கம் வெள்ளையாக நின்றால் மொழிபெயர்ப்பு வாக்கியத்தையே சந்தேகியுங்கள். மூல வாக்கியத்தில் எண்ணோ பெயரோ வந்து அமர சதவீதக் குறியோடு ஓர் இடங்காட்டி இருக்கும். மொழிபெயர்ப்பவர் இல்லாத இடங்காட்டியைச் சேர்த்தாலும், அப்படிப்பட்ட வாக்கியத்தில் ‘50% தள்ளுபடி’ என்று வெறும் சதவீதக் குறி எழுதினாலும் பிஎச்பி 8 அதை முழுப் பிழையாக எடுத்துப் பக்கத்தை நிறுத்திவிடும். பழைய பிஎச்பி 7 முணுமுணுத்துவிட்டுப் போயிருக்கும். அதனால்தான் சர்வரை மேம்படுத்திய நாளில் தமிழ்ப் பக்கம் மட்டும் சாகிறது. சதவீதக் குறியை இரண்டு முறை எழுதினால் தீரும். லாக் கோப்பில் கோப்பும் வரியும் தெளிவாக இருக்கும்.

பாதி தமிழ், பாதி ஆங்கிலம்

அதிகம் வரும் புகார் இது. பிளகினுக்குப் பிளகின் மருந்தும் மாறுகிறது. முதலில் மொழிபெயராத சொல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பக்கத்தின் மூலத்தைத் திறந்து (கன்ட்ரோல்-யூ) அந்தச் சொல்லைத் தேடுங்கள். அங்கே இருந்தால் சர்வர் அனுப்பியது. அங்கே இல்லாமல் திரையில் மட்டும் இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் கொண்டுவந்தது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

சர்வர் அனுப்பிய சொல், தீம் அல்லது பிளகினின் நிரலுக்குள் இருப்பதென்றால் மொழிக் கோப்புதான் அதற்குப் பொறுப்பு. தளத்தின் மொழி இந்தியத் தமிழ் என்று இருக்க, கோப்பின் பெயரில் வெறும் தமிழ் என்ற குறியீடு மட்டும் இருந்தால் வேர்ட்பிரஸ் அதைத் திறக்காது. இலங்கைத் தமிழுக்கும் இந்தியத் தமிழுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு, கோப்பின் பெயர் அதற்கு அப்படியே பொருந்த வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பிலிருந்து இன்னொரு பொறி சேர்ந்திருக்கிறது. வேர்ட்பிரஸ் இப்போது பழைய எம்ஓ வடிவ மொழிக் கோப்புக்கு முன் அதே பெயருள்ள பிஎச்பி வடிவ மொழிக் கோப்பைத் தேடுகிறது. நீங்கள் திருத்திய எம்ஓ கோப்பை மட்டும் ஏற்றிவிட்டு, பக்கத்திலிருக்கும் பழைய பிஎச்பி மொழிக் கோப்பை விட்டுவைத்தால் திருத்தம் தெரியவே தெரியாது. இரண்டையும் சேர்த்துப் புதுப்பியுங்கள், அல்லது பழையதை நீக்குங்கள். 2024 நவம்பரின் 6.7 பதிப்புக்குப் பின், மொழிக் கோப்பு மிகச் சீக்கிரம் ஏற்றப்படுகிறது என்ற எச்சரிக்கை லாக்கில் நிறைந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் குறிப்பிட்ட தீமோ பிளகினோ தன் சொற்களை உரிய கட்டத்துக்கு முன்பே அழைக்கிறது என்று அர்த்தம். அதைப் புதுப்பித்தால் போகும். மொழி பிளகினுக்கு இதில் பங்கில்லை.

இனி பிளகின்களுக்கு வருவோம். டபிள்யூபிஎம்எல் தளத்தில் பதிவின் உள்ளடக்கம் சரியாக இருந்து சில பகுதிகள் மட்டும் விட்டுப்போனால் அவை பெரும்பாலும் கஸ்டம் ஃபீல்டுகள் (பதிவோடு சேரும் கூடுதல் தகவல் கட்டங்கள்). ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மொழிபெயர், நகலெடு, ஒருமுறை நகலெடு, விட்டுவிடு என்று நான்கு நிலைகள் இருக்கின்றன. நகலெடு என்று இருக்கும் ஃபீல்டில் தமிழில் எதை எழுதினாலும் மூலப் பக்கத்தைச் சேமிக்கும்போது அழிந்து ஆங்கிலம் வந்து உட்காரும். ‘எழுதியது தானாக மறைகிறது’ என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இன்னொரு வேர் எலிமென்டர் என்ற பேஜ் பில்டரில் கட்டிய பக்கங்களில்: முதலில் மொழிபெயர்ப்பு எடிட்டரில் செய்து, பிறகு அதே தமிழ்ப் பக்கத்தை எலிமென்டரில் நேரடியாகத் திருத்தினால், அடுத்த முறை எடிட்டர் சேமிக்கும்போது நேரடித் திருத்தம் போய்விடும். ஒரு பக்கத்துக்கு ஒரே வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதிக்குப் பின் ஜோடிகள் கலைந்திருந்தால் சப்போர்ட் பக்கத்தின் கீழுள்ள டிரபிள்ஷூட்டிங் இணைப்பில் பேய்ப் பதிவுகளை (பக்கம் போய் ஜோடித் தகவல் மட்டும் மிஞ்சியவை) நீக்கும் பொத்தானும், மொழித் தகவல் இல்லாதவற்றுக்கு அதை அமைக்கும் பொத்தானும் உண்டு. பேக்கப் இல்லாமல் அவற்றை அழுத்தாதீர்கள்.

பாலிலாங்கில் பதிவுகள் மாயமாவதுதான் வழக்கமான அதிர்ச்சி. மொழி ஒதுக்காத பதிவு முன்பக்கத்தில் வராது. அமைப்புப் பக்கத்தில், மொழி இல்லாத பதிவுகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் இயல்பு மொழிக்கு ஒதுக்கலாம் என்று ஓர் அறிவிப்பு வரும், அழுத்தினால் திரும்பி வந்துவிடும். மெனு காணாமல் போனால், ஒவ்வொரு மொழிக்கும் தனி மெனு செய்து அந்தந்த மொழியின் இடத்தில் பொருத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். தீமின் அமைப்புகளில் தட்டச்சிய சொற்கள் பாலிலாங்கின் சொல் பட்டியலில் பதிவானால்தான் மொழிபெயர்க்க முடியும். தீம் டெவலப்பர் அதைச் செய்யவில்லையென்றால், டபிள்யூபிஎம்எல்லுக்காக எழுதப்படும் அமைப்புக் கோப்பைத் தீமில் சேர்த்தால் பாலிலாங்கும் அதைப் படித்துக்கொள்ளும். பிளாக் தீமின் டெம்ப்ளேட் பகுதிகளை மொழிபெயர்க்க வேண்டுமென்றால் கட்டண வடிவம் தேவை.

டிரான்ஸ்லேட்பிரஸில் புகார் வேறு மாதிரி வரும்: நேற்று வரை இருந்த மொழிபெயர்ப்பு இன்று இல்லை. மூல வாக்கியத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்தியிருப்பார்கள். அகராதிக்கு அது புது வாக்கியம். பழைய மொழிபெயர்ப்பு அட்டவணையில் அநாதையாகக் கிடக்கும். ஏறக்குறைய ஒரே மாதிரி வாக்கியங்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பையே காட்டும் ஆப்ஷன் மேம்பட்ட அமைப்புகளில் உண்டு; சின்னத் திருத்தங்களுக்கு அது கைகொடுக்கும். அடுத்தது சொல் வரிசை. ஆங்கில வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கினால் பிளகின் அதை மூன்று துண்டாகப் பார்க்கும். தமிழில் வினை கடைசியில் வர வேண்டும். துண்டு துண்டாக மொழிபெயர்த்தால் வாக்கியம் தலைகீழாக நிற்கும். எடிட்டரில் அந்தத் துண்டுகளை ஒரே மொழிபெயர்ப்புத் தொகுதியாக இணைத்துவிட்டு எழுதுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் கொண்டுவரும் சொற்களில் எல்லோருமே சறுக்குவார்கள், விதம்தான் வேறு. அஜாக்ஸ் அழைப்பு (பக்கத்தை மறுபடி ஏற்றாமல் சர்வரைக் கேட்பது) போகும் முகவரியில் மொழிக் குறியீடு இருப்பதில்லை. அதனால் டபிள்யூபிஎம்எல், பாலிலாங் தளங்களில் படிவத்தின் நன்றிச் செய்தியும் கார்ட்டின் சொற்களும் இயல்பு மொழியில் திரும்பி வரலாம். டபிள்யூபிஎம்எல்லில் அஜாக்ஸுக்காக மொழிக் குக்கீ வைக்கும் ஆப்ஷன் இருக்கிறது. அதை இயக்கியதும் கேஷ் அமைப்பை மறுபடி சோதியுங்கள். வூகாமர்ஸ் என்ற கடை பிளகினின் சின்னக் கார்ட் உலாவியின் தற்காலிகச் சேமிப்பில் இருப்பதால் மொழி மாற்றிய பின்னும் பழைய மொழியில் தெரியும். பிளாக் எடிட்டர் பாணி ஸ்கிரிப்டுகளுக்குத் தனி ஜேசன் மொழிக் கோப்பு உண்டு; அதன் பெயர் ஸ்கிரிப்டின் பாதையிலிருந்து கணக்கிடப்படுகிறது. பாதை மாறினால் கோப்பு பொருந்தாது. டிரான்ஸ்லேட்பிரஸ் பக்கம் ஏறிய பின் வரும் சொற்களைக் கவனித்து மறுபடி மாற்றும். அதனால் ஒரு நொடி ஆங்கிலம் மின்னிவிட்டுத் தமிழாகும். அது உறுத்தினால் அந்தப் பகுதியை மட்டும் விலக்கிவிடலாம்.

வேகம் குறைந்தால்

டபிள்யூபிஎம்எல்லுக்கு 128 எம்பி நினைவகம் குறைந்தபட்சம், 256 எம்பி இருந்தால் நிம்மதி. தளம் இழுத்தால் சொற்களைத் தானாகப் பதிவு செய்யும் வசதியை முதலில் அணையுங்கள். தேவைப்படும்போது இயக்கி, பக்கங்களை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மறுபடி அணைப்பதே சரி. டிரான்ஸ்லேட்பிரஸில் தேதி, எண்ணிக்கை, ஆர்டர் எண் போன்று மாறிக்கொண்டே இருக்கும் உரைகள் அகராதியை ஊதவைக்கும். அந்தப் பகுதிகளைச் செலக்டர் (பக்கத்தின் பகுதியைச் சுட்டும் குறி) மூலம் விலக்கினால் அட்டவணை கட்டுக்குள் இருக்கும். பாலிலாங் இந்த மூன்றில் இலகுவானது. அதில் வேகம் குறைந்தால் காரணத்தை வேறெங்காவது தேடுங்கள்.

மாறுவதன் விலை

ஒரே குடும்பத்துக்குள் மாறுவது சாத்தியமான வேலை. டபிள்யூபிஎம்எல்லிலிருந்து பாலிலாங்குக்கு இலவச இறக்குமதிக் கருவி இருக்கிறது, எதிர்த்திசையிலும் உண்டு. பதிவுகள் ஏற்கனவே தனித்தனியாக இருப்பதால் ஜோடித் தகவல் மட்டும் இடம் மாறினால் போதும். மெனு, விட்ஜெட், தீம் சொற்கள், படிவங்கள் ஆகியவற்றைக் கையால் சரிபார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள்.

குடும்பம் விட்டுக் குடும்பம் மாறுவது அப்படியில்லை. தனிப் பதிவு முறையிலிருந்து அகராதி முறைக்குப் போனால் தமிழ்ப் பதிவுகள் எல்லாம் ஆங்கிலப் பட்டியலில் கலந்து நிற்கும். அவற்றிலிருந்து வாக்கியங்களை எடுத்து எடிட்டரில் ஒட்ட வேண்டும், பிறகு தனிப் பதிவுகளை நீக்க வேண்டும், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 (நிரந்தர) திருப்பல் போட வேண்டும். மறுதிசை இன்னும் கடினம்: அகராதியில் இருப்பவை உதிரி வாக்கியங்கள், அவற்றைப் பதிவாகக் கோக்க யாராவது உட்கார வேண்டும். 20 பக்கத் தளத்துக்கு இது வார இறுதி வேலை. 500 கட்டுரைத் தளத்தில் மீண்டும் மொழிபெயர்ப்பதற்குச் சமம்.

வெளிச் சேவைக்குப் போவது தொடங்க மிகச் சுலபம். பில் பின்னால் வரும். கணக்கு சொற்களில், மொழிகளால் பெருக்கி. 40,000 சொல் தளத்துக்கு மூன்று மொழி சேர்த்தால் 1,20,000 சொல். டேக் பக்கங்கள், பழைய காப்பகங்கள், வடிகட்டிய பட்டியல்கள் எல்லாம் கணக்கில் ஏறும். சேர்ந்த உடனே விலக்கு விதிகளை எழுதுங்கள். வாடிக்கையாளர் கணக்குப் பக்கம், ஆர்டர் விவரம் போன்றவற்றை கட்டாயம் விலக்குங்கள். பிறருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் மூன்றாவது சர்வருக்குப் போக வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பை ஏற்றுமதி செய்யும் வசதி உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

மொழிக்கொரு தளம் என்ற நான்காவது வழி வேர்ட்பிரஸின் மல்டிசைட்டில் (ஒரே நிறுவலில் பல தளம்) நடக்கும், மல்டிலிங்குவல்பிரஸ் பிளகின் அந்தத் தளங்களை இணைக்கும். ஒரு மொழித் தளம் விழுந்தாலும் மற்றது நிற்கும். இணைப்பு பிளகின் போனாலும் இரண்டும் முழுத் தளங்களே. ஆனால் ஊடக நூலகம், அமைப்புகள், மெனு எல்லாம் இரட்டை வேலை. மொழிகளுக்கிடையே உள்ளடக்கம் நிஜமாகவே வேறுபடும்போதும், ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர் குழு இருக்கும்போதும் மட்டும் இது சரி.

எந்தத் தளத்துக்கு எது

நிறைய எழுதும் பத்திரிகை வகைத் தளம், மனிதர் கையால் மொழிபெயர்ப்பு, இலகுவான தீம் என்றால் பாலிலாங்கில் இருங்கள். சிக்கல் வந்தால் அதையே சரிசெய்யுங்கள். தமிழ்ப் பதிவு முழுமையான பதிவாக இருப்பது நீண்ட காலத்தில் பெரிய பாதுகாப்பு. ஆங்கிலத்தை வரிக்கு வரி பின்பற்றாமல் தமிழுக்கேற்ப எழுதும் சுதந்திரமும் அதில் மட்டுமே இயல்பாகக் கிடைக்கிறது. இந்த இரண்டு காரணங்களுக்காகவே தமிழ் உள்ளடக்கத்தை மதிக்கும் எந்தத் தளத்துக்கும் தனிப் பதிவு முறையையே முதலில் பரிந்துரைப்போம்.

வூகாமர்ஸ் கடை என்றால் பாலிலாங்கின் இலவச வடிவத்தோடு நிற்க வேண்டாம். ஒரே பொருள் இரண்டு பதிவாகி, ஒரு மொழியில் விற்றது இன்னொரு மொழியின் இருப்பில் குறையாது. பாலிலாங்கின் கட்டண வூகாமர்ஸ் இணைப்பையோ டபிள்யூபிஎம்எல்லையோ எடுங்கள். கஸ்டம் ஃபீல்டுகள் குவிந்த, பல மொழிபெயர்ப்பாளர்கள் வேலை செய்யும் தளத்துக்கு டபிள்யூபிஎம்எல்லின் சிக்கலான அமைப்புகள் பயன் தரும். மூன்று பக்க நிறுவனத் தளத்துக்கு அவை சுமை.

பேஜ் பில்டரில் கட்டிய, அரிதாக மாறும் 10 முதல் 30 பக்கத் தளத்துக்கு டிரான்ஸ்லேட்பிரஸ் பொருத்தம். அதன் இலவச வடிவம் ஒரு கூடுதல் மொழியைத்தான் தரும், முகவரியை மொழிபெயர்க்கக் கட்டண இணைப்பு வேண்டும். தினமும் மூல உரையைத் திருத்தும் பழக்கம் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. ஐந்தாறு மொழிகளை உடனே திறக்க வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மாதச் செலவு பிரச்சினையில்லை என்றால் வெளிச் சேவை. அப்போதும் முகப்பு, விலை, தொடர்பு, விதிமுறைப் பக்கங்களை மனிதக் கண் ஒருமுறை படிக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் மூலக் குறியீட்டில் இரண்டு வரிகளைப் பாருங்கள். தமிழ்ப் பக்கத்தின் கேனானிகல் முகவரி (இதுவே மூலப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்வது) தமிழ்ப் பக்கத்தையே காட்ட வேண்டும். ஆங்கிலத்தைக் காட்டினால் தேடுபொறி தமிழைக் கழற்றிவிடும். எச்ரெஃப்லேங் வரிகள் (பிற மொழிப் பக்கங்களைத் தேடுபொறிக்குச் சொல்பவை) இரு பக்கமும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். எஸ்இஓ பிளகினும் மொழி பிளகினும் சேர்ந்து அவற்றை இரட்டிப்பாக எழுதியிருக்கக் கூடாது. நாட்டுக் குறியீடும் சரியாக இருக்க வேண்டும்: பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு ஜிபிதான், யூகே செல்லாது. பிளகினை மாற்றியிருந்தால், பழைய பிளகினின் அட்டவணைகளை இரண்டு மாதமாவது டேட்டாபேஸில் விட்டுவையுங்கள். நீக்கும்போது எல்லாத் தகவலையும் அழிக்கும் ஆப்ஷன் அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நீக்குங்கள். கூகுளின் சர்ச் கன்சோலில் 404 பட்டியலை அந்தக் காலம் முழுக்க வாரம் ஒருமுறை திறந்து, புதிதாக வரும் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் திருப்பல் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.